முதலில் பலகை வைத்தது யார்?

"செல்போன்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது" என்று சொல்லாத பெரிய மனிதரைத் திருநெல்வேலிச் சீமையில் நான் இன்னும் சந்திக்கவில்லை. டீக்கடையில், கல்யாண வீட்டில், துட்டி வீட்டில்கூட இதே பேச்சு. பாதி உண்மைதான். மீதிப் பாதியை யாரும் பேசுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் பஸ் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடம் விடும் நேரத்து டிரிப்பில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. பின்படிக்கட்டில் ஒரு ஊர்ப் பையன்கள், முன்படிக்கட்டில் இன்னொரு ஊர்ப் பையன்கள். மணிக்கட்டில் கயிறு. அதன் நிறத்தைப் பார்த்தாலே யார் எந்தச் சாதி என்று தெரிந்துவிடும். பின்னால் ஒருவன் தங்கள் ஆட்களைப் புகழும் பாட்டைச் செல்போனில் சத்தமாக வைப்பான். முன்னால் இருப்பவன் தன் பாட்டை அதைவிடச் சத்தமாக வைப்பான். விசிலடித்து வண்டியை நிறுத்தி, இரண்டையும் அணைத்தால்தான் நகரும் என்பேன். வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள் எனக்காகப் பேசுவார்கள். சில பெரியவர்கள் மட்டும், "பாட்டுத்தானே, கேட்டுவிட்டுப் போகட்டும்" என்பார்கள். அந்தச் சில பெரியவர்களைப் பற்றியதுதான் இந்தப் பதிவு.

இப்போது பாட்டு வீடியோவாகிவிட்டது. பத்து, இருபது விநாடிதான். மீசை முளைக்காத பையன் மெதுவாக நடந்து வருவான், பின்னணியில் வீர வசனம், சில நேரம் கையில் அரிவாள். அப்படிப் படம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்த செய்தியும் அவ்வப்போது வருகிறது. பிடிபட்டவனுக்குத் தெருவில் மதிப்புக் கூடுகிறது, வேறென்ன.

நம் சீமைக்குப் பத்திரிகையும் வானொலியும் புதியவை அல்ல. தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா.ஆதித்தனார் காயாமொழிக்காரர். தினமலர் 1957-இல் திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலிக்கு வந்தது. 1963-இல் இங்கே வானொலி நிலையம் வந்தது. அதற்கு முன்பே இலங்கை வானொலியைக் கேட்டுப் பழகிய கரை இது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. தனிக் குவளை வைத்த டீக்கடையிலும் அதே பத்திரிகைதான் கிடந்தது. ஆனால் எல்லார் காதிலும் ஒரே செய்தி, ஒரே பாட்டு விழுந்தது. பிடிக்காவிட்டாலும் கேட்டாக வேண்டும். செல்போன் ஆளைப் பார்த்துப் பரிமாறுகிறது. சாதிப் பெருமை வீடியோ ஒன்றை முழுதாகப் பார்த்துவிட்டால் அதே மாதிரி இன்னும் பத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. பார்க்கும் நேரம் கூடக் கூட விளம்பரக் காசு கூடுகிறதே. ஒரே பெஞ்சில் இருக்கும் இரண்டு பையன்களுக்கு ஒரே வீடியோ வருவதில்லை. அப்படி வந்தால், ஒருவன் பெருமைப்படவும் மற்றவன் கீழே வந்து திட்டவும்தான் வருகிறது. இரண்டும் அந்தக் கம்பெனிக்கு லாபம்.

இது செல்போனின் பங்கு. இனி நம் பங்கு.

கோயில் கொடை, காதுகுத்து, சடங்கு வீடு, எதுவானாலும் ஊர் முக்கில் ஃபிளெக்ஸ் பலகை. ஓரம் முழுக்கச் சாதிக் கொடியின் நிறம். மேலே தலைவர் படம், பக்கத்தில் சிங்கமோ புலியோ. கீழே வரிசையாக ஊர்ப் பையன்களின் முகங்கள், கறுப்புக் கண்ணாடியோடு. அதில் ஏழாம் வகுப்புப் பிள்ளையும் இருப்பான். காசு கொடுத்தது யார்? அப்பா, சித்தப்பா, வெளிநாட்டில் இருக்கும் மாமா. தன் முகத்தைத் தெருவே பார்க்கும்படி அந்தப் பையன் முதன்முதலில் கண்டது அந்தப் பலகையில்தான். இன்ஸ்டாகிராமில் அவன் போடுவது அதே பலகைதான். இப்போது அசைகிறது, பாடுகிறது, அவ்வளவே.

வ.உ.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1906-இல் வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்ததும் திருநெல்வேலி கொந்தளித்தது; போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். அப்பேர்ப்பட்டவரையும் ஒரு தெருவின் பலகைக்குள் அடைத்தாயிற்று. அதைச் செய்தது பதினைந்து வயதுப் பையனா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஒரே பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து பட்டியலின மாணவன் ஒருவனை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று சாதியைக் காட்டும் அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. நல்ல யோசனை. ஆனால் 2019-இலேயே கயிற்றைப் பற்றிப் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. நான் அப்போது பணியில் இருந்தேன். பள்ளி வாசலில் கழற்றிப் பைக்குள் போடுவார்கள், பஸ் ஏறியதும் ஒருவனுக்கொருவன் கட்டிவிடுவார்கள். அதைக் காசு கொடுத்து வாங்கி, முதலில் கட்டிவிட்டவர் வீட்டில் இருக்கிறார். அவருக்கு எந்தச் சுற்றறிக்கையும் போகவில்லை.

செல்போனைப் பிடுங்கினால் தீரும் என்பவர்களுக்கு 2018 மே மாதத்தை நினைவூட்டுகிறேன். தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துப் போராடியவர்களைப் போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்த பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். வதந்தி நின்றதா? பஸ்ஸில் வாய்வழியாக இன்னும் வேகமாகப் போயிற்று. போலீஸ்காரர் வேன் மேல் ஏறிக் குறிபார்த்த காட்சியை உலகத்துக்குக் காட்டியதும் ஒரு கேமராதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, யார் எந்த மாடியில் மாட்டியிருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் விசாரித்துச் சோறும் தண்ணீரும் சுமந்தவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். கயிறு கட்டியவர்களும் அதில் இருந்தார்கள். வாங்கிச் சாப்பிட்ட யாரும் அன்றைக்குக் கயிற்றின் நிறம் பார்க்கவில்லை.

எங்கள் ஊர்க் கொடைக்கு வரி கேட்டு வந்தார்கள். வரி தருகிறேன், ஆனால் பலகையில் கொடி நிறம் வேண்டாம், பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் படமும் வேண்டாம், அம்மன் படம் போதும் என்றேன். வந்தவர்களில் இருவர் என் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கியவர்கள். இப்போது அவர்களுக்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். கமிட்டி கூடிப் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள்.