ஃப்ளாஷுக்கு யார் சேதி சொல்வது?

காமிக்ஸில் சூப்பர் ஹீரோவைப் பழைய காலத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று கிளம்பும் பலரும் முதலில் கை வைப்பது உடையில். நெஞ்சிலிருக்கும் சின்னத்தைக் கவசத்தில் பொறித்து, கையில் ஒரு வாள், பின்னால் ஒரு கோட்டை. அட்டைப்படம் அள்ளும். நாலாவது பக்கத்தில் கதை படுத்துவிடும். மாறுவேடப் போட்டிக்கு வந்த அதே ஆள்தானே!

நான் முதலில் கேட்பது இதைத்தான்: அந்தக் காலம் இவரிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொள்கிறது?

ஸ்பைடர்மேனை 1600-ன் லண்டனில் விட்டுப் பாருங்கள். கதிரியக்கச் சிலந்தி கிடையாது. கதிரியக்கம் தெரியவந்ததே 1896-ல். நூல் வீசித் தொங்கக் கட்டடமும் இல்லை. முதல் வானளாவி என்று பலரும் சொல்லும் பத்து மாடிக் கட்டடம் எழும்பியதே 1885-ல், அதுவும் சிகாகோவில். லண்டனின் பெரிய உயரம் செயின்ட் பால் தேவாலயம். அதன் கூர்ங்கோபுரமும் 1561-ல் இடி விழுந்து எரிந்துபோயிருந்தது. ஆக, ஊஞ்சலாட்டம் போச்சு. பதிலுக்குக் கிடைப்பது, மேல்தளம் தெருவுக்குள் துருத்தி நிற்கும் மரவீடுகள். இங்கே அகலப் பேனல் (பக்கத்தில் ஒரு படம் அடங்கும் கட்டம்) போட்டால் காட்சி செத்துவிடும். ஒடுங்கிய, நெட்டுக்குத்தான பேனல்களில், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அவரை ஏறவிட வேண்டும். அசைவு மாறினால் பக்க வடிவமும் மாறியாக வேண்டும்; வரைபவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான்.

அடுத்து, சேதி. 1603 மார்ச் 24 விடியலுக்கு முன் எலிசபெத் ராணி ரிச்மண்டில் இறந்தார். அதை, அடுத்து இங்கிலாந்து அரியணை ஏறவிருந்த, எடின்பரோவில் இருந்த ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸிடம் சொல்ல அரசவைக்காரர் ராபர்ட் கேரி குதிரை மாற்றி மாற்றிப் பறந்தார். வழியில் கீழே விழுந்து, குதிரை தலையில் உதைத்து, ரத்தம் ஒழுகப் போய்ச் சேர்ந்தது 26-ம் தேதி இரவு. நாட்டின் தலைபோகிற செய்திக்கே இந்தப் பாடு. மின்னல் வேக ஹீரோ ஃப்ளாஷ் கண்மூடித் திறப்பதற்குள் ஓடுவார், சரி. ஓட வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது? இந்த ஒரு சிக்கலை வைத்தே ஆறு இதழ் ஓட்டலாம்.

தொழிலும் அப்படித்தான். அச்சில் வாரச் செய்தித்தாள் ஸ்ட்ராஸ்பர்க்கில் வந்தது 1605-ல். அதற்கு முன் சூப்பர்மேனுக்கு நிருபர் வேலை கொடுத்தால் உதைக்கும். நிருபர் வேலையால் ஹீரோவுக்கு என்ன லாபம்? எங்கும் நுழையலாம், எதையும் கேட்கலாம். அந்த வசதி அன்று யாருக்கு இருந்தது என்று தேடுங்கள். ‘மார்வெல் 1602’ காமிக்ஸில், பார்வையற்ற வக்கீலான டேர்டெவிலைப் பார்வையற்ற பாட்டுக்காரராக்கியது கச்சிதமான மாற்று. பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்ட மியூட்டன்ட்களைச் சூனியப் பிறவிகளாக்கியது அதைவிடப் பொருத்தம். ஜேம்ஸ் மன்னரே 1597-ல் சூனியம் பற்றிப் புத்தகம் போட்ட காலம் அது. பயம் ஊரில் ஏற்கெனவே இருந்தது, எழுத்தாளர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

உடைக்கு வருவோம். உடம்போடு ஒட்டும் ஸ்பான்டெக்ஸ் துணி 1958-ன் சரக்கு, அதைச் சொல்லவே வேண்டாம். நிறம்தான் ஆபத்தான இடம். 1574-ல் எலிசபெத் போட்ட உடைக் கட்டுப்பாட்டின்படி ஊதாப் பட்டு கிட்டத்தட்ட அரச குடும்பத்துக்கே உரியது. ஊதா அங்கியில் ஜோக்கர் சந்தைக்குள் நடந்தால் சிரிப்பு வராது, கூட்டம் ஒதுங்கி வழிவிடும். வண்ணம் தீட்டும் கலரிஸ்ட்டிடம் விட்டுவிடாமல் இதைத் திரைக்கதையிலேயே எழுதிவிடுங்கள்.

வசனத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய மொழி வாசனைக்காக எல்லோரையும் அரசவைப் பாணியில் பேசவிட்டால் வசனம் எழுதும் பலூன் வீங்கிவிடும். 25 சொல் தாண்டினாலே படம் மூச்சுத் திணறும். ராஜாவுக்கு மட்டும் அந்த நடையைக் கொடுங்கள், தெருவில் இருப்பவன் தெருப் பேச்சே பேசட்டும்.

பிடுங்கப் பிடுங்க ஆளே காணாமல் போகவும் வாய்ப்புண்டு. சின்னத்தையும் முகமூடியையும் அழித்துவிட்டு மூன்று பக்கத்தைக் காமிக்ஸ் படிக்கும் ஒருவரிடம் நீட்டுங்கள். செய்கையை மட்டும் பார்த்து “இது பேட்மேன்தானே?” என்று கேட்டால் மேலே வரையலாம். இல்லையென்றால் புதுப் பெயர் வைத்துவிடுங்கள், அதுவும் நல்ல கதையாகவே இருக்கும்.