தாழம்பூ சாட்சிகள்

பிரம்மா அன்னமாகப் பறந்து சிவன் முடியைத் தேடிய கதையை நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். திருவண்ணாமலை 1989 வரை நம்ம வட ஆர்க்காட்டில்தான் இருந்தது. ஆனால் பிரம்மாவுக்கு எதற்காகச் சாபம் என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். முடியைக் காணாததற்காக அல்ல. விஷ்ணுவுக்கும்தான் அடி தென்படவில்லை. முடியவில்லை என்று சொல்லிவிட்டார், அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. பிரம்மாவோ பார்த்தேன் என்று அளந்து, தாழம்பூவைச் சாட்சிக்கும் இழுத்தார்.

துக்க வீடுகளில் இந்தத் தாழம்பூ சாட்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. "நல்லவங்களைத்தான் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்", "போன ஜென்மத்துக் கணக்கு", "கர்த்தர் சோதிக்கிறார்". ஏதோ நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்த மாதிரி. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து காந்தி ரோட்டு லாட்ஜ்களில் தங்கியிருக்கும் வங்காளக் குடும்பங்கள் கொடுத்துவைத்தவர்கள், நம் ஆறுதல் அவர்களுக்குப் புரியாது.

இதைச் சொன்னதும் உறவுக்கார மாமா ஒருவர், "நீ என்ன நாத்திகனா?" என்றார். இல்லை மாமா. விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரரை விடாமல் கும்பிடுகிறவன் நான். அந்தத் தலபுராணத்தில் அதே பிரம்மா அர்ச்சகர் வீட்டுப் பிள்ளையாகப் பிறக்கிறார். அப்பா இல்லாத சின்னப் பையன், அபிஷேகம் செய்யக் கை எட்டவில்லை. சிவனே தலையைச் சாய்த்துக் கொடுத்தாராம். இன்றைக்கும் லிங்கம் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. பறந்து தேடியபோது கிடைக்காத முடி, எட்டவில்லையே என்று நின்றபோது கிடைத்தது. பிரம்மாவின் அறிவு கூடியதாகப் புராணத்தில் எங்கும் இல்லை, கவனியுங்கள்.

எனக்கு ரொம்ப நாளாக உறுத்துவது சிஎம்சியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், மனைவிக்குப் பிரசவ வலி என்று ஒருவர் பின் ஒருவராக வந்து ஐடாவைக் கூப்பிட்டார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான அப்பாவை, ஆண் என்பதால், அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதைக் கடவுளின் அழைப்பாக ஐடா எடுத்துக்கொண்டார். அது அவருக்கு நடந்தது, மறுக்க நான் யார்? ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் சிலர், "சிஎம்சி வரணும்னுதான் கடவுள் அப்படி நடத்தினார்" என்று முடிப்பார்கள். அந்த மூன்று வீட்டு வாசலில் நின்று இதைச் சொல்ல முடியுமா? பிறகு பிழைத்த லட்சக்கணக்கான உயிர்களைக் காட்டி அந்த மூன்றுக்குக் கணக்கு நேர் செய்யும் அதிகாரத்தை நமக்கு யார் கொடுத்தது?

ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் ஆரம்பித்தார். அந்த மூன்று சாவுக்கும் அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்று இருந்தது: கூப்பிட்டால் வர ஒரு பெண் டாக்டர் இல்லை. அதை வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கிவிட்டார்.