அட்டாலியில் கிடக்கும் கேசட்டை எடைக்குப் போடாதீங்க

தை நோம்பிக்கு வெள்ளையடிக்க அட்டாலியை (பரணை) காலி பண்ணும்போதுதான் நம்ம கொங்குப் பக்கத்து வீடுகளில் கேசட்டுப் பெட்டி வெளியே வரும். காப்புக்கட்டு அன்றைக்குப் பழைய பாய், கிழிந்த முறத்தோடு அதுவும் வீதிக்குப் போய்விடும். "இதுல இருக்கற பாட்டெல்லாம் போன்லயே வருதே, இந்தக் குப்பை எதுக்கு?" என்பார்கள். பாதி சரி. இளையராஜா போனில் கிடைப்பார். எஸ்.பி.பி., ஜானகி, டி.எம்.எஸ்., எல்.ஆர்.ஈஸ்வரி எல்லாரும் கிடைப்பார்கள். எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் உதவியாளராக எம்.எஸ்.விஸ்வநாதன் தொழில் கற்றது நம்ம கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில்தான். அவர் பாட்டுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்தப் பெட்டியில் இருப்பது சினிமாப் பாட்டு மட்டும்தான் என்று எப்படித் தெரியும்? ஓடவிட்டுக் கேட்காமல் யாரும் சொல்ல முடியாது.

முதல் வேலை, கேசட்டைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்க. நாடா தெரியும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், இரண்டு மூலையிலும் சின்னப் பள்ளம் இருக்கும். கம்பெனிக் கேசட்டு (பாட்டோடு கடையில் விற்றது) என்றால் அந்தப் பள்ளம் திறந்திருக்கும், அதன் மேல் யாரும் பதிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தப் பள்ளத்தின் மேல் செல்லோடேப்போ மடித்த காகிதமோ வைத்து அடைத்திருந்தால், மேலே ஒட்டியிருக்கும் அட்டையை நம்ப வேண்டாம். அது முருகன் பாட்டோ ரஜினி படப் பாட்டோ, யாரோ அதன் மேல் வேறு எதையோ பதிந்திருக்கிறார்கள். புதுக் கேசட்டு வாங்கக் காசை எண்ணிப் பார்த்த காலம் அது. கல்யாணமோ சீரோ வந்தால் வீட்டில் இருந்த பழைய கேசட்டைத்தான் எடுப்பார்கள். சினிமா அட்டைக்குள், கொங்குக் கல்யாணத்தில் பாடும் மங்கல வாழ்த்து இருக்கும். பக்தி அட்டைக்குள் தாத்தாவின் பேச்சு இருக்கும்.

டிடிகே, சோனி, மெல்ட்ராக் வெற்றுக் கேசட்டில் இந்தப் பள்ளம் பிளாஸ்டிக்கால் மூடியிருக்கும். அதை இப்போதே சின்ன ஸ்குரூ டிரைவரால் நெம்பி உடைத்துவிடுங்க. கை தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அழியாது. ஒட்டியிருக்கும் செல்லோடேப்பையும் உரித்துவிடுங்க. இதைச் செய்யாமல் எந்தக் கேசட்டையும் டேப்பில், அதாவது டேப் ரெக்கார்டரில், போட வேண்டாம்.

எதை முதலில் காப்பாற்றுவது என்பதில் என் கருத்து உறுதியானது. வீட்டிலும் கோயிலிலும் பதிந்தது முதலில். ரேடியோவில் இருந்து பிடித்தது அடுத்து. ரெக்கார்டிங் சென்டரில் வேண்டிய பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியது அதற்கு அடுத்து. கம்பெனிக் கேசட்டு கடைசியில். பெரும்பாலும் எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள், ராஜா கேசட்டில் ஆரம்பித்து அலுத்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். ராஜாவை எவ்வளவு நேசித்தாலும் இது தப்பு வரிசைங்க. 1986-இல் வந்த அவருடைய வாத்திய இசைக் கேசட்டு ஒன்று பாழானால் இன்னொரு பிரதி கிடைக்கும். பக்கத்து ஊர்க் கோயிலில் விடிய விடிய உடுக்கை அடித்து, நம்ம கொங்குக் கதைப்பாட்டான அண்ணன்மார் கதை பாடியவரின் குரலுக்கு இரண்டாம் பிரதி கிடையாது. பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் 1965-இல் காங்கயம் பக்கம் தங்கி அந்தக் கதையை ஒலிநாடாவில் பதிந்தார். அந்தப் பாட்டு நூலாக வந்து உலகத்துக்குத் தெரிந்தது. மற்ற ஊர்களில் பாடியவர்களுக்கு அப்படி யாரும் வரவில்லை. வீட்டுக் கேசட்டுதான் இருக்கிறது. மங்கல வாழ்த்தும் அப்படித்தான். கம்பர் பாடியது என்று வழிவழியாகச் சொல்கிறோம், ஆனால் சொல்பவருக்குச் சொல்பவர் இழுப்பும் நிறுத்தமும் வேறு.

ரேடியோப் பதிவில் விளையாட்டு ரசிகர்களுக்குப் புதையலே இருக்கிறது. 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட். டீன் ஜோன்ஸ் 210, கபில்தேவ் 119, கடைசி நாளில் 348 அடிக்கப் போய் இந்தியா 347-இல் நின்று டை ஆன ஆட்டம். அதன் ஸ்கோர் எந்தத் தளத்திலும் கிடைக்கும். ஆனால் அந்தக் காலத்துத் தமிழ் வர்ணனையை ஒலியாகத் தேடிப் பாருங்க, அப்துல் ஜப்பாரின் குரலே அரிதாகத்தான் அகப்படும். மைதானத்தைப் பார்க்காதவன் கண்ணுக்குள் பந்தை உருட்டிக் காட்டிய தமிழ் அது. அந்த வர்ணனைக்கு நடுவே வரும் கொரகொரப்பும், ஸ்டேஷன் லேசாக விலகித் திரும்பி வருவதும்கூட அந்தப் பதிவின் பகுதிதான். அதை அழித்துச் சுத்தம் பண்ண நினைக்காதீங்க.

இனி வேலைக்கு வருவோம்.

கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து நடு ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்க. பழுப்பாக, ஒரே மட்டமாகச் சுற்றியிருந்தால் நல்லது. ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொடியோ நூலாம்படை மாதிரியோ தெரிந்தால் பூஞ்சை. வால்பாறை, பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்து ஈரத்துக்கு இது அதிகம். அதை அப்படியே ஓட்டினால் பூஞ்சை, டேப்பில் நாடாவின் ஒலியைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கெல்லாம் பரவும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு வாரம் வைத்து முதலில் காய வையுங்க. பிறகு வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து, மூக்கில் முகக்கவசம் கட்டி, நாடாவை மெல்லிய பருத்தித் துணி நடுவே விட்டுப் பென்சிலால் மெதுவாகச் சுற்ற வேண்டும். வெயிலில் காய வைக்காதீங்க, சூட்டில் கேசட்டின் பிளாஸ்டிக் ஓடு வளைந்துவிடும்.

அடுத்து, திறந்த வாயில் நடுவே பாருங்க. செம்புத் தகட்டின் மேல் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு இருக்க வேண்டும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். முப்பது நாற்பது வருஷத்தில் பசை காய்ந்து பல கேசட்டுகளில் விழுந்திருக்கும். அது இல்லாமல் ஓட்டினால் சத்தம் மங்கி மங்கி வரும், தபேலாவின் கணீரும் ஜானகி அம்மா மூச்செடுக்கும் ஒலியும் போய்விடும். "கேசட்டு கெட்டுப்போச்சு" என்று தூக்கிப் போடுவதில் பல இந்தப் பஞ்சு விழுந்த கேஸ்தான். நாடா நன்றாகவே இருக்கும்.

இதற்கு நல்ல வைத்தியம் ஓடு மாற்றுவது. 5 ஸ்குரூ போட்ட, உள்ளே முக்கியமான எதுவும் இல்லாத ஒரு கேசட்டை எடுங்க. சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்துவிட்டு, வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் படுக்க வைத்து ஸ்குரூக்களைக் கழற்றுங்க. மேல் ஓட்டை நேராகத் தூக்குங்க. தூக்கியதும் எதையும் தொடாமல் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்க. இடது சக்கரத்தில் இருந்து வரும் நாடா இடது மூலை உருளையைச் சுற்றி, பஞ்சுக்கு முன்னால் போய், வலது மூலை உருளையைச் சுற்றி வலது சக்கரத்துக்குப் போகும். மேலும் கீழும் மெல்லிய வழுவழுப்பான பிளாஸ்டிக் தாள் ஒன்று கிடக்கும். வேண்டாத சாமான் என்று அதை எடுத்துப் போட்டுவிடாதீங்க. அது இல்லாவிட்டால் சக்கரம் ஓட்டில் உரசிக் கீச்சிடும், கடைசியில் நின்றே போகும். பழைய நாடாவை இரண்டு சக்கரத்தோடும் சேர்த்துத் தூக்கி, அதே வழியில் புது ஓட்டில் இறக்குங்க. நாடாவில் சின்ன முறுக்கு விழுந்தாலும் மறுபக்கம் ஹெட்டைத் தொட்டு, ஒலி மங்கிப்போய்க் கேட்கும். ஸ்குரூவை ரொம்ப இறுக்க வேண்டாம்.

கம்பெனிக் கேசட்டுகள் பலவற்றில் ஸ்குரூ இருக்காது, ஓடு ஒட்டியே இருக்கும். அதை மெல்லிய கத்தியால் இணைப்பு வழியே மூலையில் இருந்து நெம்ப வேண்டும். கத்தி முனை 2 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போனால் நாடாவைத் தொடலாம். ஓடு உடைந்தால் உடையட்டும், நமக்கு வேண்டியது உள்ளே இருப்பது.

அறுந்த நாடாவைச் சாதாரண செல்லோடேப்பால் ஒட்டுவது பெரிய கொடுமை. வெயில் காலத்தில் அந்தப் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு அங்கே நாடாவே பிய்யும். இதற்கென்று ஒட்டுநாடா தனியாக விற்கிறது. இரண்டு முனையையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து 45 டிகிரியில் சாய்வாக வெட்டி, இடைவெளி இல்லாமல் சேர்த்து, ஹெட்டைத் தொடாத உள்பக்கத்தில் மட்டும் ஒட்டணும்.

சி-60 கேசட்டில் (இரண்டு பக்கமும் சேர்த்து 60 நிமிஷம் ஓடுவது) ஏறக்குறைய 90 மீட்டர் நாடா. சி-90-இல் 130 மீட்டருக்கு மேல், அதனால் மெலிசு. சி-120 இன்னும் மெலிசு, சீக்கிரம் சிக்கும். பெட்டியில் சி-120 கிடைத்தால், சி-60 இரண்டு மூன்றை ஓட்டிச் சிக்காமல் வந்த டேப்பில்தான் அதைப் போடணும். முதலில் ஒரு தடவை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்க. வருஷக்கணக்கில் ஒரே இறுக்கத்தில் கிடந்ததில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் லேசாகப் பதிந்திருக்கும், சத்தமில்லாத இடத்தில் பேய்க்குரல் மாதிரி எதிரொலி கேட்கும். சுற்றினால் அது கொஞ்சம் குறையும்.

இப்போது டேப். நாடாவைத் தின்பது கேசட்டின் குற்றம் இல்லை, பெரும்பாலும் டேப்பின் குற்றம். கேப்ஸ்டன் கம்பியும் ரப்பர் ரோலரும் நாடாவை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்க, பெல்ட் தளர்ந்ததால் சுருட்ட வேண்டிய சக்கரம் நின்றுவிடும். வெளியே வந்த நாடா போக இடமில்லாமல் கம்பியையே சுற்றிக்கொள்ளும். வருஷக்கணக்கில் ஓடாத டேப்பில் பெல்ட் தார் மாதிரி உருகியும் கிடக்கும். அதைத் துடைத்து எடுத்து, அதே அளவுக்குப் புதுப் பெல்ட் போடணும். ஹெட்டையும் கேப்ஸ்டன் கம்பியையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்க. ரப்பர் ரோலருக்கு ஆல்கஹால் வேண்டாம், காய்ந்து வெடிக்கும், சோப்புத் தண்ணி போதும். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைத் தொடவே கூடாது. வேலை முடிந்ததும் முக்கியமில்லாத ஒரு கேசட்டை முழுசாக ஓட்டிப் பார்த்த பிறகே நல்ல கேசட்டைப் போடுங்க.

நூற்றில் ஒருவர்கூடச் செய்யாத, ஆனால் ஒலியை அடியோடு மாற்றுகிற வேலை ஒன்று இருக்கிறது. ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். ஹெட்டின் சாய்வு அதில்தான் மாறும். ஒவ்வொரு ரெக்கார்டிங் சென்டர் டேப்பிலும் அந்தச் சாய்வு ஒரு மாதிரி இருந்தது, வீட்டு டேப்பில் இன்னொரு மாதிரி. பதிந்த ஹெட்டின் சாய்வும் கேட்கும் ஹெட்டின் சாய்வும் ஒத்துப்போகாவிட்டால் மேல் ஒலிகள் போய், கம்பளியைப் போர்த்தியது மாதிரிக் கேட்கும். ஹெட்போன் மாட்டி, இடது வலது இரண்டையும் மோனோவாகச் சேர்த்துக்கொண்டு, கேசட்டு ஓடும்போதே அந்த ஸ்குரூவை மெல்லத் திருப்புங்க. இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று, அதற்கு மேல் தேவைப்படாது. "ச", "ஸ" ஒலிகளையும் ஜால்ராவையும் கவனியுங்க. ஒரு இடத்தில் திரை விலகுவது மாதிரிப் பளிச்சென்று வரும், அங்கே நிறுத்துங்க. ஆரம்பத்தில் ஸ்குரூ எந்த நிலையில் இருந்தது என்று மார்க்கரால் குறித்து வையுங்க. ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் திரும்பச் செய்யணும், ஏ பக்கத்துக்கும் பி பக்கத்துக்குமே மாறலாம். யூஎஸ்பி ஒயரோடு விற்கும் மலிவான கேசட்டு பிளேயர்களை நான் சிபாரிசு செய்யாததற்கு முதல் காரணம் வேகம் தள்ளாடுவது, இரண்டாவது காரணம் இந்த ஸ்குரூவை எளிதாகத் தொட முடியாதது.

டேப்பின் லைன் அவுட் துளையில் இருந்து, ஒலியைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுங்க. மைக் துளையில் கொடுத்தால் ஒலி கிழியும். ஸ்பீக்கர் முன்னால் போனை வைத்துப் பதிவது பதிவே அல்ல. பதிவதற்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒரு சி-60-க்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். ஒலியின் உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் வைத்து, பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் ஒரே கோப்பாகப் பதியுங்க. இரைச்சல் நீக்கும் வேலையை மூலக் கோப்பில் செய்யவே கூடாது, நகலில் செய்யுங்க. வாட்ஸாப்புக்கு எம்பி3 தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

கோயில் பதிவுகளில் இரண்டு சிக்கல் வரும். ஒன்று, உடுக்கை ஓங்கி விழும்போதெல்லாம் பாடகரின் குரல் அமுங்கி மெல்ல எழும். அந்த டேப்பே சத்தத்தைத் தானாகக் குறைத்துப் பதிந்ததால் வருவது, பாடகர் தளர்ந்ததால் அல்ல. இன்னொன்று, விடிய விடியப் பேட்டரியில் பதிந்ததில் பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகியிருக்கும். சரியான வேகத்தில் இப்போது ஓட்டினால் கடைசிப் பகுதியில் குரல் கீச்சென்று மேலேறும். பாடகரின் சுருதியை ஆரம்பத்தில் குறித்துக்கொண்டு, நகலில் அந்தச் சுருதிக்கு வேகத்தை இறக்கிக்கொண்டு வர வேண்டும்.

பெட்டிக்கு அடியில் 78 சுற்று இசைத்தட்டு (நிமிஷத்துக்கு 78 தடவை சுற்றும் பழைய அரக்குத் தட்டு) கிடந்தால் அதைச் சேர்த்துச் சுத்தம் பண்ணிவிடாதீங்க. 1908-இல் கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாளின் குரல் முதலில் ஊர் ஊராகப் போனது அந்தத் தட்டில்தான். அரக்குத் தட்டில் ஆல்கஹால் பட்டால் அரக்கே கரையும். எல்பி தட்டின் முள்ளும் அதற்கு ஆகாது, பள்ளத்தின் அடியில் போய்ச் சொரசொரப்பை மட்டும் எடுக்கும். 78-க்கென்று உள்ள தடித்த முள் வேண்டும்.

எல்லாம் முடிந்து கோப்புக்குப் பெயர் வைக்கும்போது "அம்மா கேசட்டு 3" என்று எழுதாதீங்க. வருஷம், ஊர், என்ன நிகழ்ச்சி, எந்தப் பக்கம், கேசட்டு மேல் பேனாவில் இருக்கும் எழுத்து அப்படியே. பதிவு ஓடும்போது வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எத்தனையாவது நிமிஷத்தில் யார் குரல், யார் மத்தளம், குறுக்கே பேசுவது யார் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்க. அந்த நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, வேவ் கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்க.