11,000 ரூபாய்க்கு ஒரு ஜெராக்ஸ்

இன்னும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. புதுச்சேரியின் பழைய கடல் பாலம் இருக்கிற பட அஞ்சலட்டை ஒன்றை ஆன்லைன் ஏலத்தில் எடுத்தேன். 1952 புயலில் இடிந்து போனதே, அதே பாலம். தாத்தா அதன்மேல் நடந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் கை சும்மா இருக்குமா? 'அசல், 1899, நிபுணர் சான்றிதழுடன்' என்று போட்டிருந்தார்கள். 9,000-த்தில் ஏலம் முடிந்தது. அப்புறம் அவர்கள் கமிஷன், கமிஷனுக்கு ஜிஎஸ்டி, கூரியர் என்று 11,000-த்தைத் தாண்டிவிட்டது.

வந்ததும் உறையைப் பிரித்துத் திருப்பினேன். பின்பக்கம் நடுவில் ஒரு கோடு. ஒரு பாதி சேதிக்கு, மறு பாதி முகவரிக்கு. அங்கேயே பகீரென்றது. பிரான்சில் அப்படிப் பிரித்து எழுத அனுமதித்ததே 1903 கடைசியில்தான். அதற்கு முன்பெல்லாம் பின்பக்கம் முழுக்க முகவரிக்கு. சேதி சொல்ல வேண்டுமானால் படத்தின் ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுத வேண்டும்.

சரி, வருஷம் நாலைந்து முன்னே பின்னே இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு நகைப்பட்டறை மாமாவிடம் லென்ஸ் கேட்டுப் போனேன். பார்வைக்குக் கறுப்பு வெள்ளைப் படம். லென்ஸை வைத்தால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று வரிசை கட்டிய புள்ளிகள்! கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அதே ஆஃப்செட். அந்தக் காலத்தில் பட அட்டை அடித்த கொலோடைப் என்ற அச்சு முறையில் இப்படிப் புள்ளியே விழாது, சுருங்கிய தோல் மாதிரி ஒரு நுண்ணிய நெளிவுதான் தெரியும். மாமா தன் பங்குக்குக் கள்ளநோட்டு பார்க்கிற நீல லைட்டை அடித்தார். அட்டை வெள்ளை வேட்டி போல ஜொலித்தது. சோப்புத்தூளில் வெண்மைக்கு ஒன்று சேர்க்கிறார்களே, அந்தச் சரக்கைக் காகிதத்தில் கலக்க ஆரம்பித்ததே 1950 வாக்கில்தான். "மாப்ள, இது உன்னைவிடச் சின்னப் பையன்டா" என்றார்.

ஏலக் கம்பெனிக்குப் போன் செய்தால், "எங்கள் நிபுணர் கருத்தே இறுதி சார். உள்ளது உள்ளபடி விற்பனை என்று கேட்லாக்கிலேயே போட்டிருக்கிறோம்" என்கிறார்கள். அந்த நிபுணருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? இவர்கள்தான்! அட்டை எத்தனை ரூபாய்க்குப் போகிறதோ அதற்கேற்ற கமிஷன் யாருக்கு? அதுவும் இவர்களுக்குத்தான்! போலி என்று அவர் வாயால் எப்படி வரும்?

அதே கேட்லாக்கில் இன்னொரு கூத்து. 'புதுவைக் கடற்கரை, 1910' என்று ஒரு அட்டை. அதில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் ஜம்மென்று நிற்கிறது. 1914-இல் தொடங்கிய போரில் செத்தவர்களுக்காக 1938-இல் திறந்தது ஐயா அது! போர் வருவதற்கு முன்பே நினைவுச் சின்னமா? நம் ஊரில் மாலை வாக்கிங் போகிற யாரைக் கேட்டாலும் சிரித்திருப்பார்கள். வெளியூர்க்காரர் யாரோ 6,000 கொடுத்து எடுத்திருக்கிறார், பாவம்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் சிகரெட் பாக்கெட் அட்டை ஒன்று எவ்வளவு பழுதில்லாமல் இருக்கிறது என்பதற்கு 10-க்கு 8 மதிப்பெண் வாங்கிப் பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்திருந்தது. 2007-இல் 28 லட்சம் டாலருக்குப் போனது. புதுசு போலத் தெரிய ஓரத்தைக் கத்தரித்தது நான்தான் என்று அதை முன்பு விற்ற வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். அங்கேயாவது அட்டை அசல், ஓரம்தான் போச்சு. எனக்கு ஓரம் மட்டும்தான் ஒழுங்காக இருக்கிறது.

இதில் உச்சம் நேற்று வந்த பதில். பணம் திரும்பாதாம். நான் 'நல்ல வாடிக்கையாளர்' என்பதால், அடுத்த ஏலத்தில் கமிஷன் இல்லாமல் அதே சான்றிதழோடு மறுபடி விற்றுத் தருகிறார்களாம். அதாவது இன்னொருத்தர் தலையில் கட்ட நானும் கூட்டு சேர வேண்டும். முடியாது என்று எழுதிவிட்டேன். அட்டை பீரோவில்தான் கிடக்கிறது.