வெள்ளிக்கிழமையே தெரிந்துவிடும்

நாய்களோடு ஜியோஹேஷிங் போவது பற்றிய உங்கள் கட்டுரை பிடித்திருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு கணக்கு ஏதோவோர் இடத்தைக் காட்டும், அங்கே போய்ச் சேருவதுதான் இந்த விளையாட்டு. ஆனால் ஜியோஹேஷிங்கில் 'அன்று காலையில் பார்த்தால்தான் எங்கே போகவேண்டும் என்று தெரியும்' என்று எழுதியிருப்பது ஜெர்மனியில் இருக்கும் எங்களுக்குப் பொருந்தாது. தேதியையும் நியூயார்க் பங்குச்சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீட்டின் தொடக்க மதிப்பையும் சேர்த்து எம்டி5 என்ற கணினிக் கணக்கில் போட்டுத்தான் ஆயத்தொலைவின் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களின்) தசமப் பகுதி வருகிறது. மேற்குத் தீர்க்கரேகை 30 பாகைக்குக் கிழக்கே இருப்பவர்கள் முந்தைய நாளின் மதிப்பையே எடுக்கவேண்டும். நியூயார்க் சந்தைக்குச் சனி, ஞாயிறு விடுமுறை என்பதால், வெள்ளியன்று அது திறந்ததும், எங்கள் நேரப்படி மாலை நான்கு மணிக்கே சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாள் புள்ளிகளும் கைக்கு வந்துவிடும். நாய் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. யாருடைய தோட்டத்திலாவது விழும் புள்ளியை விட்டுவிட்டு, காட்டில் விழும் நாளைப் பிடித்துக்கொள்ளலாம்.

அப்புறம், கயிறு. நாய்களை அவிழ்த்துவிட்டுப் புதருக்குள் போவதை ரொம்ப ரசித்து எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் வசிக்கும் லோயர் சாக்சனி மாநிலத்தில் ஏப்ரல் 1 முதல் ஜூலை 15 வரை காட்டிலும் திறந்தவெளியிலும் நாய் கயிற்றில்தான் இருக்கவேண்டும், சட்டமே அப்படி. பிறந்து சில வாரங்களே ஆன மான்குட்டி ஆபத்து வந்தால் ஓடாது. புல்லோடு புல்லாக அசையாமல் படுத்துவிடும். சாதுவான நாய்க்கும் அந்த நேரத்தில் என்ன தோன்றும் என்று யார் கண்டது?

10 மீட்டர் கயிறு முட்செடியில் சுற்றிக்கொள்ளும், எரிச்சல்தான், சரி. கழுத்துப்பட்டையில் கட்டாமல் மார்புப்பட்டையில் மாட்டினால் நாய்க்கு வலிக்காது. வீடு திரும்பியதும் காது மடல், கால் இடுக்கு எல்லாம் விரலால் தடவி உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உங்கள் கட்டுரையில் உண்ணி பற்றி ஒரு வரிகூட இல்லை.