என் பிள்ளை அவன் வார்த்தையிலேயே ஜெபிக்கட்டும்

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நம் சபை குரூப்பில் வந்த வாய்ஸ் மெசேஜும் எல்லோரும் கேட்டதுதான். "பிள்ளைக்கு ஒழுங்கா ஜெபிக்கக்கூடச் சொல்லிக் கொடுக்காத தாய்." நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

என் மகனுக்கு ஐந்து வயது. அன்று அவன் ஜெபித்தது இவ்வளவுதான்: "இயேசப்பா, மாடியில கத்தரிச் செடிக்குப் பூச்சி வந்துருச்சு, சரியாக்குங்க. அம்மா காலையில கத்துனாங்க, அவங்கள மன்னிச்சிருங்க. ஆமென்." நாலைந்து பேர் சிரித்தார்கள். சரி, அதில் தவறில்லை, எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு அக்கா அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, "இப்படியெல்லாம் ஜெபிக்கக் கூடாது தம்பி, நான் சொல்லச் சொல்லச் சொல்லு" என்று ஆரம்பித்தார். "அன்பும் கிருபையும் நிறைந்த எங்கள் பரம பிதாவே..." அவனும் சொன்னான். கிருபை என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான், ஏதோ தப்பு செய்துவிட்டவன் மாதிரி. அன்றிலிருந்து குடும்ப ஜெபத்தில் அவன் முறை வந்தால் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டுகிறான்.

அந்தச் செடி அவன் செடி. விதை போட்டது அவன், தினமும் பள்ளிக்குப் போகுமுன் சொம்பில் தண்ணீர் தூக்கிப் போய் ஊற்றுவது அவன். படியெல்லாம் சிந்தும், அவனே துடைப்பான். தன் கையால் வளர்த்ததற்குப் பூச்சி வந்த கவலையை ஆண்டவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வான்?

அந்த அக்காவின் அன்பை நான் சந்தேகப்படவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி கொண்டு வந்தவர் அவர். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

"பரமண்டல ஜெபமும் இயேசு சொல்லிக் கொடுத்ததுதானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. சீஷர்களில் ஒருவரே 'எங்களுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடும்' என்று கேட்டார். எங்கள் வீட்டிலும் தினமும் ராத்திரி சொல்கிறோம், அவனுக்கு முழுசும் தெரியும். சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? சொல்லிக் கொடுத்துவிட்டு, அவன் வாயை அவனிடமே விடுங்கள் என்கிறேன்.

பைபிளில் ஆலயத்திலேயே வளர்ந்த சிறுவன் சாமுவேலை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் ஆண்டவர் கூப்பிட்டபோது ஆசாரியர் ஏலி அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு வரி: "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்." அப்புறம் 'போய்ப் படுத்துக்கொள்' என்று அனுப்பிவிட்டார். கூடவே போய்ப் பக்கத்தில் உட்காரவில்லை. மறுநாள் விடியற்காலையில் ஆலயத்தின் கதவுகளைத் திறந்தது யார்? அந்தப் பிள்ளைதான். கதவு திறக்கிற வேலையும் அவனிடம், ஆண்டவரின் குரலைக் கேட்கிற காதும் அவனிடம். நம் பிள்ளைகளுக்கோ செருப்பும் நாமே மாட்டிவிடுகிறோம், சோறும் நாமே ஊட்டுகிறோம், ஜெபத்தையும் நாமே வாயில் ஊட்டுகிறோம். பதினெட்டு வயதில் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ படிக்கப் போய், 'சபைக்கே போவதில்லை' என்றால் அப்போது உட்கார்ந்து அழுகிறோம்.

பிள்ளையைப் பிரம்பால் அடித்து வளர்க்கச் சொல்லும் நீதிமொழிகள் வசனத்தை அனுப்பியவருக்கு: அடி வாங்கி வளர்ந்தவள் நான். ஆறு வயதில் இருபத்து மூன்றாம் சங்கீதத்தில் ஒரு வரி மறந்ததற்கு ஸ்கேலால் விரல் முட்டியில் அடி. புல்லுள்ள இடங்கள் என்று யார் வாசித்தாலும் முப்பது வயது வரைக்கும் எனக்கு முதலில் விரல்தான் வலித்தது. என் ஆண்டவர் மேய்ப்பன் என்பது எனக்குத் தெரிய அத்தனை வருஷம் ஆயிற்று. அந்த வருஷங்களை யார் திருப்பித் தருவார்கள்? இதற்கு மேல் அந்த வசனத்தைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம்.

எனக்கு ஜெபிக்கக் கற்றுக் கொடுத்தது என் அம்மாச்சி. திருமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் கூலிக்குப் பூ எடுத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. வெயில் ஏறி மொட்டு விரிவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று இருட்டிலேயே கிளம்புவார், லீவு நாளில் நானும் போவேன். மடியில் மொட்டு விழ விழப் பேசிக்கொண்டே இருப்பார். "ஆண்டவரே, இன்னைக்காவது பூ வெல ஏறட்டும்யா. மருமகளுக்கு இடுப்பு வலி, பாத்துக்கங்க." யாரோ பக்கத்து வரப்பில் நிற்பது போல இருக்கும். நான் எட்டிக்கூடப் பார்த்திருக்கிறேன். அந்த ஜெபத்தை நிறுத்தி, 'இப்படியெல்லாம் ஜெபிக்கக் கூடாது' என்று யாராவது அம்மாச்சியிடம் சொல்லியிருப்பார்களா?

1606இல் இத்தாலிக்காரப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி நம் மதுரைக்கு வந்து, உட்கார்ந்து தமிழ் படித்து, தமிழில் எழுதினார். அவர் கத்தோலிக்கர், நாம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), அது இருக்கட்டும். 1834இல் இங்கே வந்த அமெரிக்க மிஷனரிகளும் தமிழ் படித்துதான் பேசினார்கள். கடல் தாண்டி வந்தவர்கள் நம் பாஷைக்கு இறங்கி வந்திருக்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் பாஷைக்கு நம்மால் இறங்க முடியவில்லையா?

செல்லம் கொடுக்கிறேன் என்பவர்கள் ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள். அவன் தட்டை அவன்தான் கழுவுகிறான்.

நேற்று ராத்திரி லைட்டை அணைத்த பிறகு போர்வைக்குள்ளிருந்து கேட்டான்: "அம்மா, மனசுக்குள்ள சொன்னா இயேசப்பாவுக்குக் கேக்குமா?" கேக்கும்யா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் எங்கள் வீட்டு முறை மறுபடி வரும். அக்கா, நீங்களும் கட்டாயம் வர வேண்டும். தண்ணீர் டம்ளரை அவன்தான் கொண்டு வந்து கொடுப்பான், சிந்தினால் அவனே துடைப்பான். அவனாக ஜெபித்தால், முடிக்கும் வரை பொறுத்து, ஆமென் மட்டும் சொல்லுங்கள்.