தம்பியைப் பற்றி இன்னும் கொஞ்சம்

2017 டெங்குக் காலத்தில் பறிகொடுத்த தம்பியைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன் அக்கா. கொழும்பு வெள்ளவத்தையில் உங்கள் தொடர்மாடியிலேயே மூன்றாம் மாடிக்காரர் நாங்கள். லிஃப்ட் பழுதானால் ஐந்தாம் மாடி அம்மம்மாவின் மரக்கறிப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்வான். அவர் மூச்சு வாங்கி நிற்கும் இடமெல்லாம் தானும் நின்று கிரிக்கெட் ஸ்கோர் சொல்லிக்கொண்டே ஏறுவான். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பெடியனுக்கு அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்ததோ! என் மகளுக்கு அவன் பென்சிலால் வரைந்து விளக்கிய மின்சுற்றுப் படங்கள் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. உங்களுக்கு வேண்டுமென்றால் தருகிறேன்.

அந்த வருடம் இலங்கை முழுக்க 180,000-க்கும் மேற்பட்டோர் டெங்குச் சந்தேகத்தில் பதிவானார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று எல்லோரும் நிம்மதியான அன்றுதான் அவன் நிலை மோசமானது. டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் விழக்கூடிய ஆபத்தான கட்டம். முடிந்தால் கட்டுரையில் அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் வாசிப்பார்கள். அப்புறம், அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.